வெளியூர்க் கதைகளை இணையத்தில் தேடுவது எப்படி? வாசிப்பு மையம் நடத்துகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வடசென்னை வியாசர்பாடியில் ஒரு மாடி அறையில் சாயங்காலம் 5 மணியிலிருந்து 7 மணி வரை பிள்ளைகளோடு உட்கார்ந்து கதை படிக்கிறேன். கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் இதே வேலையைச் செய்கிற டீச்சர்களும் டியூஷன் அக்காக்களும் காலேஜ் பிள்ளைகளும் அடிக்கடி போன் போடுவார்கள். பிற நாட்டு, பிற மொழிச் சிறுவர் கதைகளை நெட்டில் எங்கே எடுப்பது, எடுத்ததை எப்படிப் பயன்படுத்துவது என்பதுதான் பேச்சு. வாய்ஸ் மெசேஜில் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிக்கொண்டதால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகள் அவரவர் கேட்டபடியே இருக்கின்றன.

வெளிநாட்டுக் கதைன்னா இளவரசி, அரண்மனை, சூனியக்காரி அதானே சார்? அது எங்க கிட்டயே நாலு புக்கு இருக்கே.

அது ஐரோப்பாவின் ஒரு மூலை. என் வயதுக்காரர்களுக்கு வெளிநாட்டுக் கதை என்றால் மாஸ்கோவில் அச்சாகி வந்த தமிழ்ப் புத்தகம். நியூ செஞ்சுரி புக் ஹவுஸில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும், வழவழ தாளும் கெட்டி அட்டையுமாக. அந்தப் புத்தகங்களில் கரடியும் பனியும் இருந்தன, கூடவே டிராக்டர் ஓட்டுகிற அம்மாவும் இருந்தாள். இன்றைய பிள்ளைக்கு வெளிநாடு என்றாலே இங்கிலீஷ் பேசுகிற இளவரசி என்று ஆகிவிட்டது.

நான் சொல்வது வேறு. கென்யாவில் சந்தைக்குப் போகும் பையன், நேபாளத்தில் மலையேறிப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை, யாழ்ப்பாணத்தில் பனங்காய் பொறுக்கும் பெண், ஒடிசாவில் குளத்தில் குதிக்கும் கூட்டம். தெலுங்கு பேசும் வீடு, உருது பேசும் வீடு, போன வருஷம் பீகாரிலிருந்து வந்த குடும்பம் என்று எங்கள் அறைப் பாயில் வெளியூர் ஏற்கெனவே உட்கார்ந்துதான் இருக்கிறது. அந்தப் பிள்ளைகளின் ஊர்க் கதைகளும் இந்தத் தேடலில் அடக்கம்.

ஒரே ஒரு சைட்டு பேரு சொல்லுங்க போதும். பத்து சொன்னா ஒண்ணும் பாக்க மாட்டேன்.

ஸ்டோரிவீவர். பெங்களூருவில் இருக்கும் பிரதம் புக்ஸ் என்ற லாப நோக்கில்லாத பதிப்பகம் 2015இல் தொடங்கியது. 300க்கும் மேற்பட்ட மொழிகளில் படக்கதைகள் இருக்கின்றன, தமிழில் நிறையவே இருக்கிறது. பதிவு செய்துகொண்டால் பி.டி.எஃப் ஆக இறக்கிக்கொள்ளலாம். இதில் ஒரு மாதம் மேய்ந்த பிறகு அடுத்ததற்குப் போங்கள்.

அடுத்தது இரண்டு. ஆசியா ஃபவுண்டேஷன் நடத்தும் லெட்ஸ் ரீட். கம்போடியா, வியட்நாம், லாவோஸ், மியான்மர், நேபாளம் என்று நம் கண்ணில் படவே படாத நாடுகளின் கதைகள் இதில்தான் அதிகம். இன்னொன்று தென்னாப்பிரிக்காவிலிருந்து வரும் ஆப்பிரிக்கன் ஸ்டோரிபுக், 2014இல் தொடங்கியது. மூன்றையும் ஆங்கில எழுத்தில் தட்டித்தான் தேட வேண்டும். இந்த மூன்றில் கிடைக்காத ஒன்றை நான் தேடிப் போனது வருஷத்தில் நாலைந்து தடவைதான்.

நான் இங்கிலீஷ்ல வீக்கு. தமிழ்லயே கிடைக்குமா?

ஸ்டோரிவீவரிலும் லெட்ஸ் ரீடிலும் மொழி என்ற இடத்தில் தமிழைத் தேர்ந்தெடுத்தால் தமிழ்க் கதைகள் மட்டும் வரும். ஆனால் தமிழில் வருவதெல்லாம் தமிழ்க் கதை அல்ல. மராத்தியில் எழுதியது, ஆப்பிரிக்க மொழியில் எழுதியது எல்லாம் தமிழாகி நிற்கும். எது எந்த ஊர்க் கதை என்று தெரிய ஒரே வழி, கடைசிப் பக்கத்தை முதலில் படிப்பது. மூலக்கதை யாருடையது, படம் வரைந்தவர் யார், மொழிபெயர்த்தவர் யார், என்ன உரிமம் என்று பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். யாரும் படிக்காத பக்கம் அது. இதற்குக் கீழே வரும் பாதிப் பதில்கள் அந்தப் பக்கத்தைத்தான் சுற்றி வரும்.

இன்னொரு வழி பலருக்குத் தோன்றுவதில்லை. தமிழிலேயே எழுதப்பட்ட வெளிநாட்டுக் கதைகள் இருக்கின்றன. இலங்கைத் தமிழ் நூல்களை 2005 முதல் சேர்த்துவரும் நூலகம் என்ற இணையத் திட்டத்தில் சிறுவர் நூல்களும் உண்டு. நாற்காலிக்குக் கதிரை, டீக்குத் தேத்தண்ணி என்று வரும்போது எங்கள் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மறுவாரம் அவர்களே 'சார், கதிரையை இழுத்துப் போடட்டா?' என்று கேட்டார்கள். மொழிபெயர்ப்பே இல்லாமல் கடல் தாண்டிவிட்டார்கள்.

ஃப்ரீன்னு போட்டிருக்கு. ஒரு மாசம் கழிச்சு காசு கேப்பாங்களா?

மேலே சொன்ன மூன்றும் கேட்காது. ஏன் கேட்காது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. ஸ்டோரிவீவர் கதைகள் பெரும்பாலும் 'கிரியேட்டிவ் காமன்ஸ் பை' என்ற திறந்த உரிமத்தில் வருகின்றன. ஆக்கியவர்களின் பெயரைச் சொல்லிவிட்டு நகல் எடுக்கலாம், மொழிபெயர்க்கலாம், மாற்றலாம், விற்கக்கூடச் செய்யலாம். அதே உரிமத்தோடு 'என்.சி' என்று ஒட்டியிருந்தால் வியாபாரத்துக்குக் கூடாது. 'என்.டி' என்றிருந்தால் மொழிபெயர்க்கவும் மாற்றவும் கூடாது. எது என்பது, சொன்னேனே, கடைசிப் பக்கத்தில் இருக்கும்.

இந்த உரிமத்துக்கு ஒரே விலை பெயர். ஜெராக்ஸ் எடுக்கும்போது அந்தப் பக்கத்தை மிச்சம் பிடிக்காதீர்கள். பேப்பர் மிச்சம் என்று ஆரம்பத்தில் நானும் அதை விட்டுவிட்டுத்தான் எடுத்தேன். ஒரு சிறுமி 'இத யாரு சார் வரைஞ்சது?' என்று கேட்டபோது பதில் இல்லாமல் நின்றேன்.

கூகுள்ல 'தமிழ் சிறுவர் கதை பி.டி.எஃப்'னு போட்டா எல்லாம் வருது, கதை மட்டும் வரல.

பல காரணங்கள் உண்டு. நாம் ஒரே பொருளுக்குப் பல சொல் வைத்திருக்கிறோம். சிறுவர், சிறார், குழந்தைகள், பாலர் என்று நாலையும் தனித்தனியே போட்டுப் பாருங்கள். அடுத்தது எழுத்துருச் சிக்கல். எல்லாக் கணினியும் ஒரே மாதிரி படிக்கிற யூனிகோடு எழுத்துமுறை வருவதற்கு முன் தட்டச்சு செய்த கோப்புகளில் நம் கண்ணுக்குத் 'தவளை' என்று தெரிவது தேடுபொறிக்கு வெறும் குழப்பமாகத் தெரியும். ஸ்கேன் செய்த பழைய புத்தகம் என்றால் அது வெறும் படம். உள்ளே இருக்கும் சொல்லைத் தேடிப் பயனில்லை. தலைப்பு, பதிப்பகம், ஆசிரியர் பெயரை ஆங்கில எழுத்தில் போட்டால் சில சமயம் மாட்டும்.

பொதுவாகத் தேடுவதை விட்டுவிட்டு நாடு, மொழி, பொருள் மூன்றையும் சேருங்கள். 'வெளிநாட்டுக் கதை' என்றால் குப்பை வரும். 'வியட்நாம், மீனவர், படக்கதை' என்று போட்டால் கதை வரும். பிள்ளைகள் தேடும் விதம் இன்னும் வேடிக்கை. 'அந்தச் சிவப்பு அட்டை புக்கு' என்பார்கள். மேரிலாந்து பல்கலைக்கழகமும் இன்டர்நெட் ஆர்க்கைவும் சேர்ந்து 2002இல் பன்னாட்டுச் சிறுவர் மின்னூலகம் ஒன்றைத் தொடங்கியபோது, அட்டையின் நிறத்தைச் சொல்லித் தேடும் வசதியையே வைத்தார்கள். பிள்ளைகளிடம் கேட்டுச் செய்த வேலை.

லெவல் 1, லெவல் 2ன்னு இருக்கு. என் பசங்க மூணாங்கிளாஸ். அப்போ லெவல் 3 தானே?

இல்லை. ஸ்டோரிவீவரில் கதைக்குக் கதை போட்டிருக்கும் அந்த லெவல் வகுப்பு எண் அல்ல, வாசிப்புப் பழக்கத்தின் படி. நம் பள்ளிக்கல்வித் துறையின் வாசிப்பு இயக்கத்தில் நுழை, நட, ஓடு, பற என்று வைத்தார்களே, அந்த மாதிரி. என்னிடம் வரும் ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் லெவல் 1 படிக்கிறான். அவனிடம் அந்த எண்ணைச் சொல்வதில்லை. நீங்கள் வாசித்துக் காட்டுவதாக இருந்தால் இரண்டு படி மேலே போகலாம், பிள்ளையே வாசிப்பதாக இருந்தால் ஒரு படி கீழே இறங்குங்கள்.

எங்க சென்டர்ல புரொஜக்டரும் இல்ல, வைஃபையும் இல்ல. என் போன் ஒண்ணுதான். இதுல இன்னா பண்றது?

போனே போதும். லெட்ஸ் ரீட் ஆப்பில் வீட்டில் வைத்தே கதையை இறக்கிக்கொண்டால் மையத்தில் நெட் தேவையில்லை. ஸ்டோரிவீவர் பி.டி.எஃப்பும் அப்படித்தான். ஆனால் முப்பது பிள்ளைகளுக்கு நடுவே ஒரு போனைத் தூக்கிப் பிடிப்பது கொடுமை. ஏழெட்டுப் பேராகப் பிரித்து உட்கார வையுங்கள்.

நான் அதிகம் செய்வது ஜப்பானியரின் கமிஷிபாய் முறை. 1930களில் அங்கே தெருத்தெருவாக சைக்கிளில் மிட்டாய் விற்றவர்கள் மரச்சட்டத்துக்குள் பட அட்டைகளை ஒவ்வொன்றாக இழுத்துக் கதை சொன்னார்கள். படத்தைப் பெரிய தாளில் அச்செடுத்து, அதற்கான வரிகளை முந்தைய அட்டையின் முதுகில் எழுதிவிட்டால் முன்னால் பிள்ளை படம் பார்க்கும், பின்னால் நீங்கள் படிக்கலாம். சட்டத்துக்கு எங்களுடையது பழைய சாத்துக்குடிப் பெட்டி.

ஒரு எச்சரிக்கை. கறுப்பு வெள்ளையில் ஜெராக்ஸ் எடுப்பதற்கு முன் கதை நிறத்தை நம்பி நிற்கிறதா என்று பாருங்கள். தொலைந்துபோன சிவப்புக் குடையைத் தேடும் கதையில் எல்லாக் குடையும் சாம்பல் நிறமாக வந்து, நாங்கள் கடைசிவரை கண்டுபிடிக்கவே இல்லை.

என் கிளாஸ்ல ரெண்டு ஒடியா பசங்க கீறாங்க. வாயே தொறக்க மாட்டேங்கறாங்க. அவங்களுக்கு ஏதாவது இருக்கா சார்?

இருக்கிறது. ஸ்டோரிவீவரில் ஒரே கதை பல மொழிகளில் இருக்கும். கதையைத் திறந்தால் வேறு எந்தெந்த மொழியில் இருக்கிறது என்று காட்டும். ஒடியா, இந்தி, வங்காளம், தெலுங்கு, உருது எல்லாம் உண்டு. தமிழும் ஒடியாவும் இருக்கிற கதையாகப் பார்த்து இரண்டையும் அச்செடுங்கள். இங்கே வளர்ந்த பிள்ளைக்கு ஒடியா பேச வரும், எழுத்து தெரியாமல் இருக்கலாம். அதனால் ஒடியாப் பிரதியை வீட்டுக்குக் கொடுத்தனுப்புங்கள். அப்பாவோ அம்மாவோ படித்துக் காட்டட்டும். அவர்களுக்கும் படிக்கத் தெரியாவிட்டால் வாசித்துக் காட்டும் ஒலியோடு வரும் கதைகளும் உண்டு.

நான் செய்த தப்பைச் செய்யாதீர்கள். 'எழுந்து உங்க ஊர்க் கதை ஒண்ணு சொல்லு' என்று ஒரு பையனை நடுவில் நிறுத்தினேன். நல்ல எண்ணம்தான். அவன் நாலு நாள் வரவில்லை. அவனுக்குத் தன் ஊரின் பிரதிநிதியாக நிற்கப் பிடிக்கவில்லை, கேரம் ஆடத்தான் வந்திருந்தான். இரண்டு மொழியிலும் புத்தகத்தைப் பாயில் போட்டுவிட்டுச் சும்மா இருந்தபோதுதான் அவனாக எடுத்தான்.

பனி, ஓநாய், மேப்பிள் மரம்... நம்ம பசங்களுக்கு இதெல்லாம் புரியுமா?

புரியும். நாம்தான் பயப்படுகிறோம். பனி கொட்டுகிற படத்தைக் காட்டியதும் காசிமேட்டுப் பையன் ஒருவன், 'சார், இது ஐஸ் கம்பெனியா?' என்றான். மீன் மேல் கொட்டுகிற நொறுக்கின ஐஸை அவன் தினம் மிதித்து நடக்கிறான், அது காலில் எப்படிச் சுடும் என்று எனக்கே சொல்லிக்கொடுத்தான். அந்தக் கதையில் வருகிற பிள்ளையின் கால் அவனுக்குப் புரிந்த அளவு எனக்குப் புரியவில்லை.

தொடங்குவதற்கு முன் ஒரே ஒரு சொல்லை மட்டும் விளக்குங்கள், மிச்சத்தைப் படம் பார்த்துக்கொள்ளும். பனியை மழையாக்கி, ஆப்பிளை மாம்பழமாக்கி, பையனுக்கு முருகன் என்று பேர் வைக்க வேண்டாம். அப்படிச் செய்தால் வெளியூர்க் கதை எதற்கு?

நல்ல புக்குன்னு எப்படித் தெரியும்? அவார்டு லிஸ்ட் மாதிரி ஏதாவது?

மூனிக் நகரில் பன்னாட்டு இளையோர் நூலகம் இருக்கிறது. அதைத் தொடங்கிய யெல்லா லெப்மன் ஹிட்லர் காலத்தில் ஜெர்மனியை விட்டு ஓடிய யூதப் பெண். போர் முடிந்து திரும்பி வந்து, 1946இல் பல நாடுகளிடம் கேட்டு வாங்கி ஒரு சிறுவர் நூல் கண்காட்சி வைத்தார். 1949இல் அது நூலகமானது. சோற்றுக்கே பஞ்சமாயிருந்த ஊரில் புத்தகம். அந்த நூலகம் வருஷா வருஷம் 'ஒயிட் ரேவன்ஸ்' என்று 200 நூல்களின் பட்டியல் போடுகிறது. இணையத்தில் பார்க்கலாம், ஒவ்வொரு நூலுக்கும் ஆங்கிலத்தில் சின்னக் குறிப்பு இருக்கும். அதே அம்மையார் 1953இல் தொடங்கியதுதான் ஐ.பி.பி.ஒய் என்ற பன்னாட்டுச் சிறுவர் நூல் அமைப்பு. ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் விருது கொடுப்பது அவர்கள்தான்.

பட்டியலில் இருக்கிற புத்தகம் இலவசமாகக் கிடைக்காது, பாதி தமிழிலும் இல்லை. பிறகு எதற்கு? எந்த நாட்டில் யார் எழுதுகிறார், யார் வரைகிறார் என்று பெயர் தெரியும். பெயர் தெரிந்தால் தேட முடியும். நம் ஊரிலேயே தாரா 1994 முதலும் தூலிகா 1996 முதலும் சிறுவர் நூல் போடுகின்றன. தூலிகாவில் பல இந்திய மொழிகளிலும் இரு மொழிப் பதிப்பாகவும் கிடைக்கும். கொஞ்சம் காசு சேர்ந்தால் வாங்குங்கள். தாளைப் புரட்டுகிற சுகம் போனில் இல்லை.

ஆப்பிரிக்கா கதை ஒண்ணு படிச்சேன். காடு, குடிசை, கறுப்புப் பசங்க. எங்க பிள்ளைங்க சிரிச்சுட்டாங்க. நான் தப்பான கதைய எடுத்துட்டேனா?

இந்தக் கேள்விக்குத்தான் எனக்கு அதிக நேரம் வேண்டும். ஆப்பிரிக்காவில் 54 நாடுகள். 'ஆப்பிரிக்கக் கதை' என்று எழுதி நாட்டின் பெயரே போடாத புத்தகத்தைக் கண்டால் கடைசிப் பக்கத்துக்குப் போங்கள். எழுதியவரும் வரைந்தவரும் அந்த மண்ணோடு தொடர்பே இல்லாதவர்களாக இருந்தால் கொஞ்சம் சந்தேகப்படலாம். அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் சிறுவர் நூல் மையம் ஒன்று 1985இல் எண்ணிப் பார்த்தது. அந்த வருஷம் அங்கே வந்த ஏறக்குறைய 2,500 சிறுவர் நூல்களில் கறுப்பினத்தவர் எழுதியதோ வரைந்ததோ வெறும் 18. பிற்பாடு அவர்கள் 'அவர்களைப் பற்றி' வந்த நூல்களையும் 'அவர்களே எழுதிய' நூல்களையும் தனித்தனியாக எண்ணினார்கள். இரண்டும் ஒன்றல்ல.

இது நமக்குப் புதிதா என்ன? வடசென்னை என்றாலே கத்தியும் கானாவும் என்று யாரோ எடுத்த படத்தைப் பார்த்து நமக்கு எரிகிறதே, அதே எரிச்சல் நைரோபியில் பஸ் பிடித்துப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கும் இருக்கும். ஆப்பிரிக்கன் ஸ்டோரிபுக்கில் பெரும்பாலான கதைகள் அந்தந்த ஊர் ஆசிரியர்களும் நூலகர்களும் எழுதியவை. குளிக்க அடம்பிடிக்கும் பிள்ளை, கோழி வளர்க்கும் பாட்டி என்று சாதாரணமாக இருக்கும்.

சிரிப்பைப் பற்றி. படத்தில் உள்ள நிறத்தைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு, பாயில் உட்கார்ந்திருக்கும் கறுத்த பிள்ளையின் மேல்தான் போய் விழும். ஆனால் அங்கே நிறுத்தி உபதேசம் செய்தால் எல்லார் கண்ணும் அவள் பக்கம் திரும்பும். நான் எதுவும் சொல்லாமல் அடுத்தடுத்த நாள் அதே மாதிரி மூன்று கதை படித்தேன். இரண்டாம் நாள் சிரிப்பு பாதியானது. மூன்றாம் நாள் கோழிக்கு என்ன ஆச்சு என்பதுதான் கவலை.

வாட்ஸ்அப் குரூப்புல 200 பி.டி.எஃப் வந்துச்சு. பசங்களுக்குத்தானே, யூஸ் பண்ணா தப்பா?

கடையில் விற்கிற புத்தகத்தின் ஸ்கேன் என்றால் நான் பரப்புவதில்லை. சின்னப் பதிப்பகங்கள் அதை விற்றுத்தான் அடுத்ததைப் போடுகிறார்கள். இந்தியாவில் எழுத்தாளர் இறந்து 60 ஆண்டுகள்வரை பதிப்புரிமை உண்டு. இதில் பலர் சறுக்குகிற இடம், மூல ஆசிரியர் நூறு வருஷத்துக்கு முன் இறந்திருந்தாலும் மொழிபெயர்த்தவருக்கும் வரைந்தவருக்கும் தனித்தனி உரிமை உண்டு. முதல் பதிலில் சொன்ன மாஸ்கோ புத்தகங்களின் ஸ்கேன்கள் இணையத்தில் நிறைய உலவுகின்றன. பழசு என்பதாலேயே பொதுச்சொத்து என்று எண்ணிவிட வேண்டாம்.

டீச்சர்களுக்கு ஒரு சலுகை இருக்கிறது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பாடம் நடத்தும்போது ஆசிரியரோ மாணவரோ நகல் எடுப்பதை மீறலாகக் கருதுவதில்லை. டெல்லி பல்கலைக்கழக ஜெராக்ஸ் கடை வழக்கில் 2016இல் டெல்லி உயர் நீதிமன்றம் இந்தப் பிரிவை வைத்துத்தான் தீர்ப்பு சொன்னது. வகுப்பறைக்கு அது பொருந்தும். 200 கோப்புகளை ஊருக்கெல்லாம் அனுப்புவது பாடம் நடத்துவது ஆகாது.

இங்கிலீஷ்ல ஒரு சூப்பர் கதை. டிரான்ஸ்லேட் ஆப்புல போட்டா ரெண்டு நிமிஷத்துல தமிழ் வந்துடுது. அதையே படிச்சா என்ன?

உரிமம் அனுமதிக்கிறதா என்று நாலாவது பதில்படி பார்த்துக்கொள்ளுங்கள். ஆப் கொடுப்பதை முதல் வரைவாக வைத்துக்கொள்ளலாம், அப்படியே படிக்க முடியாது. சுண்டெலி யானையை 'நீங்கள் எங்கே செல்கிறீர்கள்' என்று கேட்கும். ஆங்கிலத்தில் 'ஆன்ட்' என்று ஒரே சொல். தமிழில் அவள் அத்தையா, சித்தியா, பெரியம்மாவா, மாமியா என்று முடிவு செய்யாமல் ஒரு வரி நகராது. படத்தில் அவள் யார் வீட்டில் இருக்கிறாள், யார் பக்கத்தில் நிற்கிறாள் என்று பார்த்து முடிவெடுக்க வேண்டியது நாம்தான்.

கதை சொல்லும் வரிகளை எளிய எழுத்துத் தமிழிலும், பேச்சை நம் பேச்சிலும் வையுங்கள். முடித்ததும் சத்தமாகப் படியுங்கள். நாக்கு தடுக்குகிற இடத்தில் பிள்ளையும் தடுக்கும். திருத்தியதை ஸ்டோரிவீவரிலேயே ஏற்றலாம், உங்கள் பெயரும் கடைசிப் பக்கத்தில் வரும்.

பன்னி சாப்பிடுற மாதிரி, வேற சாமி கும்புடுற மாதிரி எல்லாம் வருது. பேரண்ட்ஸ் சண்டைக்கு வந்தா?

வந்திருக்கிறார்கள். முழுக்கப் படித்துவிட்டுத்தான் பிள்ளைகளிடம் கொண்டுபோங்கள். அப்போதுதான் பதில் சொல்லத் தைரியம் இருக்கும். ஒரு அப்பா கோபமாக வந்தபோது அதே அச்சுப் பிரதியைக் கையில் கொடுத்தேன். நின்றபடியே படித்தார், 'இவ்ளோதானா?' என்று திருப்பிக் கொடுத்தார். எல்லாரும் அப்படி முடிய மாட்டார்கள். பிற சமூகத்தைப் பண்டிகையும் சாப்பாடுமாக மட்டும் காட்டுகிற கதைகளையே எடுத்துக்கொண்டிருந்தால் இந்தச் சண்டை அடிக்கடி வரும். அவர்களும் செருப்பைத் தொலைக்கிறார்கள், தம்பியோடு அடித்துக்கொள்கிறார்கள். அந்தக் கதைகளும் இருக்கின்றன.

பர்மா கதை இருந்தா அனுப்புங்களேன். எங்க ஆயா கேக்குது.

கேட்டது, பர்மா நூடுல்ஸான அத்தோ விற்கிற கடைக்காரர் மகள். 1960களில் பர்மாவிலிருந்து திரும்பி வந்து வியாசர்பாடியில் குடியேறிய குடும்பம். லெட்ஸ் ரீடில் பர்மிய மொழிக் கதைகள் இருக்கின்றன, மொழிப் பட்டியலில் தேர்ந்தெடுத்தால் வரும். பல கதைகளுக்கு ஆங்கில வடிவமும் உண்டு. ஆயாவுக்குப் பர்மிய மொழி பேச வரும், படிக்கத் தெரியாது. படங்களைப் பெரிதாக அச்செடுத்துக் கொடுத்தோம். மையத்துக்கே வந்து, ஒவ்வொரு படமாகக் காட்டிப் பர்மிய மொழியில் ஒரு வரி, தமிழில் ஒரு வரி என்று சொன்னார். வீட்டுக்குப் போய் ஆங்கிலத்தோடு ஒப்பிட்டேன். அது வேறு கதை. மறுநாள் பிள்ளைகளிடம் சொன்னேன், ஒத்துக்கொள்ளவே இல்லை. கடைசிப் பக்கத்தில் ஆயா பெயரைப் பென்சிலால் எழுதிவிட்டார்கள்.

அந்தப் பட அட்டைகள் என்னிடம் இருக்கின்றன. வேண்டுகிறவர்கள் ஒரு வாரம் வைத்துக்கொள்ளலாம், சாத்துக்குடிப் பெட்டியையும் சேர்த்து.